பதினோரு டப்பாக்களும் ஒரு வயிறும்

போன வாரம் ஒரு காலையில் கவுசல்யா போன் செய்தாள். வில்லியனூர் கொம்யூன் பஞ்சாயத்தில் ஒரு ஆரம்ப சுகாதார நிலையம். அங்கே லேப் டெக்னீஷியனாக நான் உட்கார்ந்திருந்த நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருப்பவள் அவள்.

“அக்கா, ஸ்கூல் பிள்ளைங்களோட மோஷன் டெஸ்ட்டுக்கு வந்துருக்கு. ஏழு ஸ்லைடு பார்த்தேன். ஏழும் ஒண்ணு போலவே இருக்குது. எனக்கு இன்னாமோ மாதிரி இருக்குக்கா.”

“ஸ்லைடைப் பார்த்தது போதும். வகுப்புப் பேர் லிஸ்ட்டை எடு. எந்தப் பிள்ளை டப்பா குடுக்கல, எது லீவு, அதப் பாரு. பார்த்துட்டு மொதல்ல அந்தப் பிள்ளை வூட்டுக்குப் போ” என்றேன்.

சாயங்காலம் மறுபடி பேசினாள். லீவு போட்டிருந்த பையனுக்குச் சாதாரணக் காய்ச்சல்தானாம், வயிறு மெத்தென்று இருக்கிறதாம். “இதுக்கா என்னை வெய்யில்ல ஓட வுட்ட?” என்று சண்டைக்கு வந்தாள். அவள் கேட்டதற்குப் பதில் போனில் சொல்லி முடிக்கிற கதை இல்லை. அதனால் எழுதுகிறேன்.

முப்பத்திரண்டு வருஷம் ஊரார் ரத்தம், சளி, மூத்திரம், மலம் என்று பார்த்தே சம்பளம் வாங்கியவள் நான். என்னைப் பெண் பார்க்க வந்தவர்களிடம் அப்பா, “பொண்ணுக்கு மைக்ராஸ்கோப்புல வேலை” என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்வார். அதில் எதைப் பார்க்கிறாள் என்று யாராவது கேட்டுவிடப் போகிறார்களே என்று அவருக்குக் கிலி. டவுனில் இரண்டு வருஷம் படிப்பு, ஒரு வருஷம் பயிற்சி. அங்கே கற்றதில் பாதியை இன்று மெஷின் செய்கிறது. மெஷினுக்குப் போகாமல் கடைசி வரை என் கையில் இருந்தது மலப் பரிசோதனைதான்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். கண்ணாடித் தகட்டில் ஒரு பக்கம் ஒரு சொட்டு உப்புத் தண்ணீர், மறுபக்கம் ஒரு சொட்டு அயோடின். குச்சி முனையில் துளி மலத்தை எடுத்து இரண்டிலும் கரைக்க வேண்டும். தகட்டுக்குக் கீழே செய்தித்தாளை வைத்தால் எழுத்து படிக்க வர வேண்டும், அதுதான் பதம். மெல்லிய கண்ணாடி மூடியைச் சாய்த்து இறக்கி, காற்றுக்குமிழி இல்லாமல் மூட வேண்டும். பிறகு ஒரு மூலையில் தொடங்கி, ஏர் ஓட்டுகிற மாதிரி போய்த் திரும்பி, போய்த் திரும்பி, மறுமூலை வரை பார்க்க வேண்டும்.

குடலில் இருக்கும் உருண்டைப்புழு மண்புழு நீளத்துக்கு இருக்கும். அதன் முட்டை கண்ணுக்குத் தெரியாது. மைக்ராஸ்கோப்பில் பழுப்பு நிறத்தில், பாகற்காய்த் தோல் போல மேடும் பள்ளமுமான ஓட்டோடு தெரியும். மலத்தோடு புதிதாக வெளியே வந்த முட்டைக்குள் எதுவும் அசையாது. அது ஈர மண்ணில் இரண்டு மூன்று வாரம் கிடந்தால்தான் உள்ளே குஞ்சு சுருண்டு உருவாகும். அந்த மண் வாய்க்குள் போனால்தான் அடுத்த ஆளுக்குப் புழு. இதை ஞாபகத்தில் வையுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

எங்கள் டாக்டர் ஜெயசீலன் கத்தவே மாட்டார். எங்களுக்குப் பயமே அதுதான். கோயிலுக்குள் வருகிற மாதிரி செருப்பை வெளியே விட்டுவிட்டு லேப்புக்குள் வருவார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, என் ரிசல்ட் நோட்டைத் திறக்காமலே ஸ்லைடைப் பார்ப்பார். பார்த்ததை ஒரு துண்டுச் சீட்டில் எழுதுவார். அதற்கப்புறம்தான் நோட்டைத் திறந்து ஒப்பிடுவார். இரண்டும் ஒத்திருந்தால் பேசாமல் எழுந்து போய்விடுவார். இல்லையென்றால் ஒரே கேள்விதான்.

“பார்த்தியாம்மா, நெனச்சியா?”

நான் சேர்ந்த புதிதில் ஒரு பெரியவரின் சளியில் டி.பி. கிருமி இல்லை என்று பாதி ஸ்லைடு பார்த்த உடனேயே எழுதிவிட்டேன். வெளியே கூட்டம், எனக்குப் பசி. அவர் அந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டு, நான் மறுபடி பார்த்து முடிக்கிற வரை பக்கத்திலேயே நின்றார். கடைசி ஓரத்தில் குச்சி போல ஒரே ஒரு கிருமி சிவப்பாகக் கிடந்தது. அன்றைக்குப் பிறகு நான் நினைத்து எழுதியதில்லை என்று பெருமை அடித்துக்கொண்டிருந்தேன். அந்தப் பெருமையில் மண் விழுந்த கதைதான் இது.

கொரோனாவுக்கு முந்தைய ஒரு கோடையின் தொடக்கம். சங்கராபரணி ஆற்றோரம் ஒரு ஆரம்பப் பள்ளி. புழு மாத்திரையை வருஷத்துக்கு இரண்டு தரம் எல்லாப் பள்ளியிலும் கொடுக்கிறோம். அப்படியிருந்தும் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் சிலர் வெளிறிப்போய் இருக்கிறார்கள் என்று அந்தோணியம்மா டீச்சர் சொல்லி அனுப்பியிருந்தார். “மாத்திரை குடுத்துட்டோம், புழு போயிடுச்சுன்னு நெனச்சுகினு இருக்கோம். நீ போய்ப் பாரு” என்று டாக்டர் என்னை அனுப்பினார்.

இருபது பிள்ளைகள், நம்பர் ஒட்டிய இருபது டப்பாக்கள். நாளைக் காலையில் எப்படி எடுத்து வர வேண்டும் என்று விளக்கினேன். வகுப்பே வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது. முன் வரிசைப் பையன் ஒருவன் எழுந்து, “காலைல வரலன்னா இன்னா பண்றது நர்ஸம்மா?” என்று கேட்டான்.

எனக்கு வாய் சும்மா இருக்காது. “வரலன்னா ஊசிதான். இம்மாம் பெரிய ஊசி” என்று விரல் நுனியிலிருந்து முழங்கை வரை அளந்து காட்டினேன்.

சிரிப்பு பட்டென்று நின்றது. பின் வரிசையில் ஒரு சிறுமி மட்டும் என் முழங்கையையே இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள். செங்கல் சூளை வேலைக்கு விழுப்புரம் பக்கத்திலிருந்து வந்த குடும்பம், பெயர் சந்தியா என்று டீச்சர் சொன்னார். பொங்கல் கழித்து வந்து மழைக்கு முன் போய்விடுகிற குடும்பங்கள் அவை. புழு மாத்திரை கொடுத்த அன்று அவள் இந்தப் பள்ளியிலும் இல்லை, பழைய பள்ளியிலும் இல்லை.

இடைவேளை மணி அடித்தது. நான் வண்டியை எடுக்கப் போனபோது புங்க மரத்தடியில் அதே சிறுமி மல்லாந்து படுத்திருந்தாள். ஐந்தாறு பிள்ளைகள் வரிசையில் நின்றார்கள். ஒவ்வொருவராக மண்டியிட்டு அவள் வயிற்றில் காதை வைத்தார்கள். கேட்டவர்கள் கண்ணை அகல விரித்துக்கொண்டு எழுந்து அடுத்தவருக்கு இடம் விட்டார்கள். இடைவேளை நேரத்தில் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் அப்படிச் சத்தமில்லாமல் நின்று நான் பார்த்ததில்லை.

“இன்னாடி கேக்குது?” என்றேன்.

“பாம்பு ஓடுது நர்ஸம்மா” என்றாள் வரிசையில் நின்ற ஒருத்தி, கிசுகிசுப்பாக.

“நல்ல பாம்பா, சாரைப் பாம்பாடி?” என்று சிரித்துவிட்டு வண்டியைக் கிளப்பினேன். சந்தியா சிரிக்கவில்லை. வானத்தைப் பார்த்தபடி ஒரு பலப்பத்தைக் கடித்துக் கடித்துத் தின்றுகொண்டிருந்தாள்.

மறுநாள் இருபது டப்பாவும் வந்துவிட்டன. எனக்கே ஆச்சரியம். பத்து வந்தாலே பெரிது என்று இருந்தேன். லேப்பில் ஒவ்வொன்றாகத் திறந்தேன். இருபதாம் நம்பரில் மலம் இல்லை. ஈரச் செம்மண்ணை உருட்டி, விரலால் நீவி, பார்த்தால் அசல் போலவே பிடித்து வைத்திருந்தது. சின்ன விரல்களின் ரேகை கூட அதில் பதிந்திருந்தது. சந்தியாவின் டப்பா. “திருட்டுக் கழுதை” என்று சிரித்துக்கொண்டு அதை ஜன்னல் ஓரம் வைத்தேன். நோட்டில் ‘மாதிரி இல்லை’ என்று எழுதினேன்.

பிறகு ஸ்லைடு போட உட்கார்ந்தேன். முதல் டப்பாவில் ஒன்றுமில்லை. இரண்டாவதில் கண் வைத்த இடமெல்லாம் முட்டை. நடுநடுவே செக்கச்செவேலென்று மண் துகள். மூன்றாவதிலும் அப்படியே. ஆறாவது, ஏழாவது, ஒன்பதாவது, எல்லாம் அதே. ஸ்லைடு சரியாகக் கழுவவில்லையோ என்று புதுப் பெட்டியைப் பிரித்தேன். உப்புத் தண்ணீரை மாற்றினேன். குச்சியை மாற்றினேன். மறுபடியும் அதே முட்டைக் கூட்டம், அதே சிவப்புத் துகள். மொத்தம் பதினோரு டப்பாவில்.

மலம் பார்த்துப் பழகியவர்களுக்கு ஒன்று தெரியும். இரண்டு வீட்டு மலம் ஒரு போல இருக்காது. ஒன்றில் கீரை நார், ஒன்றில் மிளகாய்த் தோல், ஒன்றில் வேகாத பருப்பு என்று அந்தந்த வீட்டுச் சமையல் அதில் தெரியும். இந்தப் பதினொன்றிலும் சாப்பாட்டின் தடம்கூட ஒன்றாகவே இருந்தது. பதினோராவது ஸ்லைடை வைத்தபோது, என் முன்னால் பதினோரு பிள்ளைகள் வரவில்லை, ஒரே பிள்ளைதான் பதினோரு தரம் வந்து வந்து நிற்கிறது என்று தோன்றியது. பட்டப்பகலில் எழுந்து போய்க் கதவைத் திறந்து வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தேன்.

எல்லாப் பிள்ளையும் ஒரே மண்ணில்தானே விளையாடுகிறது, அதனால்தான் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு, ‘பதினோரு பேருக்குப் புழு’ என்று நோட்டில் எழுதி மூடினேன்.

மறுநாள் காலை டாக்டர் வந்தார். செருப்பு வெளியே, மூக்குக்கண்ணாடி பையில். பதினோரு டப்பாவுக்கும் புது ஸ்லைடு போடச் சொல்லிப் பார்த்தார். நான் பக்கத்தில் நின்றேன், பாராட்டுவார் என்ற நினைப்பில். துண்டுச் சீட்டில் எழுதி என் பக்கம் நகர்த்தினார். அதில் ‘1’ என்று மட்டும் இருந்தது.

“சார், பதினொண்ணு” என்றேன்.

“பார்த்தியாம்மா, நெனச்சியா?”

நான் நோட்டை எடுத்துப் பிரித்தேன்.

“டப்பா குடுக்காத பிள்ளை யாரு?”

“ஒருத்தி மண்ண உருட்டி வச்சிருந்தா சார். குறும்பு.”

“எங்க அது?”

ஜன்னல் ஓரத்திலிருந்து எடுத்துக் கொடுத்தேன். நல்ல வேளை, அதை நான் குப்பையில் போட்டிருக்கவில்லை. அந்த விரல் ரேகைகளை அவர் கொஞ்ச நேரம் பார்த்தார். “மிதக்க வச்சுப் பாரு” என்றார்.

இனி கரையாது என்கிற அளவுக்கு உப்புப் போட்ட தண்ணீரில் மண்ணைக் கலக்கி, கண்ணாடிக் குழாயின் வாய் வரை நிரப்பி, மேலே மூடிக் கண்ணாடியை வைத்தேன். மண் கீழே இறங்கும், முட்டை இருந்தால் மேலே மிதந்து கண்ணாடியில் ஒட்டும். இருபது நிமிஷம். அதுவரை டாக்டர் அந்த ஸ்டூலை விட்டு எழவில்லை. வெளியே நோயாளிகள் இருமுவது கேட்டது.

மூடியை எடுத்துத் தகட்டில் வைத்துப் பார்த்தேன். அதே சிவப்புத் துகள். அதன் நடுவே ஒரு முட்டை. முந்தின நாள் பார்த்தவற்றுக்குள் ஒன்றும் அசையவில்லை. இதற்குள் மெல்லிய குஞ்சு ஒன்று சுருண்டு கிடந்தது. விளக்கின் சூடு பட்டதோ என்னவோ, நான் பார்க்கப் பார்க்க, தூக்கத்தில் புரண்டு படுக்கிற மாதிரி அது மெதுவாகத் திரும்பிப் படுத்தது. நான் சட்டென்று முகத்தை எடுத்துக்கொண்டேன்.

டாக்டர் பார்த்துவிட்டு எழுந்தார். “இந்த மண்ணத்தான் திங்குது அந்தப் பொண்ணு. அந்தப் பதினோரு பேருக்கும் தன்னோடத குடுத்துட்டு, தனக்கு இல்லாம மண்ண வச்சிருக்குது. ஒரு வயித்துல இவ்ளோ முட்டைன்னா உள்ள எவ்ளோ புழு இருக்கும்? கொடல அடைச்சிகிச்சுன்னா போச்சு. ஜீப்ப எடுக்கச் சொல்லு.”

பள்ளியில் சந்தியா இல்லை. நேற்று டப்பாவைக் கொடுத்துவிட்டு, வயிறு வலிக்கிறது என்று மதியமே போனவளாம். பிள்ளைகள் முதலில் வாயைத் திறக்கவில்லை. டாக்டர் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, “யாருக்கும் ஊசி கிடையாது. சொல்லுங்க” என்றார். ஊசி என்ற பேச்சு அவர் காதுக்கு எப்படிப் போனது என்று எனக்குத் தெரியாது. நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

முன் வரிசைப் பையன் அழுதுகொண்டே சொன்னான். “எங்களுக்குக் காலைல வரல டாக்டர். ஊசி போடுவாங்கன்னு பயந்துகினு சந்தியாகிட்ட வாங்கினோம். ஆளுக்கு ஒரு பலப்பம் குடுத்தோம். அவளுக்குப் பலப்பம்னா ரொம்பப் புடிக்கும்.”

“அவளுக்குன்னு வச்சிக்கலயா?”

“கடைசியா நான் கேட்டேன். இருந்ததக் குடுத்துட்டா.”

சூளை அங்கிருந்து கூப்பிடு தூரம்தான். மண் வெட்டி எடுத்த பெரிய பள்ளம், அதன் கரையில் ஓலைக் கொட்டகைகள், இன்னும் சுடாத பச்சைக்கல் அடுக்கு. அத்தனை பேருக்கும் ஒதுங்குகிற இடம் அந்தப் பள்ளத்தின் மறுகரைதான். செங்கல் அறுக்கிற மண்ணும் அங்கேதான். நடுப்பகல் வெய்யிலில் யாரையும் காணவில்லை. ஒரு கொட்டகை வாசலில் மட்டும் வேப்பிலை செருகியிருந்தது.

உள்ளே சந்தியா கிடந்தாள். வயிறு உப்பி, கண் குழிந்து, பச்சையாக வாந்தி எடுத்த பாய் மேல். கையில் புதுக் கறுப்புக் கயிறு. அவள் அம்மா மடியில் மகள் தலையை நிமிர்த்தி வைத்து, ஒரு டம்ளரை வாயருகே கொண்டுபோய்க் கொண்டிருந்தாள்.

“இன்னாம்மா அது?” என்றார் டாக்டர்.

“வெளக்கெண்ணெ சாமி. காலைல வாயால பாம்புக்குட்டி ஒண்ணு வந்துச்சு. பள்ளத்தாண்ட காத்து கருப்பு எதுவோ புடிச்சிருக்குதுன்னு சொல்றாங்கோ. கயிறு கட்டியாச்சு. வயித்தக் கழுவிட்டா எறங்கிடும்னு…”

டாக்டர் ஓடவில்லை, கத்தவில்லை. குனிந்து அந்த டம்ளரை இரண்டு கையாலும் வாங்கி, வெளியே மண்ணில் ஊற்றிவிட்டு வந்தார். “வழி அடைச்சிருக்குதும்மா. இத உள்ள தள்ளினா கொடல் கிழிஞ்சுடும். ஒரு சொட்டுத் தண்ணி கூட வாணாம்.”

“மண்ணு திங்காதடின்னு அடிச்சுப் பார்த்தேன் சாமி. கேக்க மாட்டேன்றா. அறுத்து வச்ச கல்லயே கிள்ளித் தின்றா” என்று அந்தப் பெண் தலையில் அடித்துக்கொண்டாள்.

டாக்டர் வயிற்றைத் தொட்டுப் பார்த்தார். பிறகு என் கையைப் பிடித்து அதே இடத்தில் வைத்தார். பிசைந்த மாவு உருண்டை மாதிரி ஒன்று உள்ளே கையில் தட்டுப்பட்டது. என் உள்ளங்கைக்குக் கீழே அது நெளிந்து, கொஞ்சம் தள்ளிப் போய் நின்றது. இரண்டு நாளைக்கு முன் பிள்ளைகள் காது வைத்துக் கேட்டது இதைத்தான். காது வைத்துக் கேட்க வேண்டியவள் நான். நான் பாம்பின் சாதி கேட்டுச் சிரித்தவள்.

ஜீப்பில் என் மடியில்தான் படுத்திருந்தாள். வழியில் ஒரு தரம் குமட்டினாள். மூக்கு வழியாக வெளுப்பாக ஒன்று நீண்டு வெளியே வந்து காற்றில் தலையை ஆட்டியது. ஆயிரக்கணக்கில் முட்டைகளைப் பார்த்தவள் நான், உயிரோடு புழுவை அப்படிப் பார்த்ததில்லை. டிரைவர் கண்ணாடியில் பார்த்துவிட்டு, “முருகா” என்று வண்டியை ஒரு நிமிஷம் ஓரம் கட்டிவிட்டார். சந்தியா மட்டும் பயப்படவில்லை. அதை விரலால் பிடித்து மெதுவாக இழுத்து என் கையில் கொடுத்தாள், டப்பாவைக் கொடுக்கிற மாதிரி.

மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் அன்றே வயிற்றைத் திறந்தார்கள். குடலில் ஒரு முழம் கறுத்துப்போயிருந்ததாம், அதை வெட்டி எடுத்துவிட்டுத் தைத்தார்கள். அந்த எண்ணெய் உள்ளே போயிருந்தால் பிழைத்திருக்க மாட்டாள் என்று ஆபரேஷன் செய்த சர்ஜன் எங்கள் டாக்டரிடம் சொன்னார். டாக்டர் அந்த ‘1’ எழுதிய சீட்டை மட்டும் என் நோட்டுக்குள் வைத்துவிட்டுப் போனார். அந்த வகுப்பில் நான் புழு இருப்பதாக எழுதிய பதினோரு பேரையும் மறுபடி பார்த்தேன், இந்தத் தடவை பயமுறுத்தாமல், வரும்போது கொடுங்கள் என்று சொல்லி. இரண்டு பேரிடம் கொஞ்சம் இருந்தது. மற்றவர்களிடம் ஒன்றுமே இல்லை. அவர்கள் வெளிறியிருந்தது சத்தில்லாத சாப்பாட்டால்தான்.

எட்டு நாள் கழித்து வார்டுக்குப் போனேன். போகும் வழியில் ஒரு பெட்டி கலர்ப் பென்சில் வாங்கினேன், தின்ன முடியாததாகப் பார்த்து. சந்தியா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். வயிற்றில் கட்டு, கையில் ஊசி குத்தி டிரிப்ஸ் ஏறிக்கொண்டிருந்தது. என்னைப் பார்த்ததும் கட்டிலில் பின்னால் நகர்ந்து உட்கார்ந்தாள். பென்சிலை வாங்கவில்லை.

“இன்னாடி, என்னைத் தெரியலயா?” என்றேன்.

“தெரியும். ஊசி நர்ஸம்மா.” டிரிப்ஸ் ஏறாத கையை நீட்டி, விரல் நுனியிலிருந்து முழங்கை வரை, நான் அன்று காட்டிய அதே அளவைக் காட்டினாள். “நெசமாவே இம்மாம் போட்டாங்க. வயித்துல கூட.”

அது அதற்காக இல்லை கண்ணு என்று தொடங்கினேன்.

அவள் என்னைச் சமாதானப்படுத்துகிற மாதிரி தலையை ஆட்டினாள். “மண்ணு வச்சது என் தப்புதான். அடுத்த தபா எல்லாருக்கும் குடுத்துட்டு எனக்கும் கொஞ்சம் வச்சிக்கிறேன் நர்ஸம்மா. இனிமே போடாத.”